சந்தியாகு கரை சேரக் கூடாது

ஒரு கடலில் ஒரே ஒரு தோணி இருந்ததாம், அண்ணாச்சி. அதற்கு இந்தப் பக்கம் ஒரு கரை, அந்தப் பக்கம் ஒரு கரை. இரண்டு கரையும் அதைப் பார்த்து ‘கிட்ட வராதே’ என்று சொல்லிவிட்டனவாம்.

இந்த இடத்தில் நீங்கள் ‘உம்’ கொட்ட வேண்டும். எங்கள் தாத்தா பழக்கிய பழக்கம். உம் கொட்ட ஆள் இல்லாவிட்டால் கதை நகராது என்பார். ஆங், அப்படித்தான்.

கொஞ்சம் சாய்ந்து கேளுங்கள். எனக்குக் குரல் மெல்லிசு, திருநெல்வேலி பஸ்ஸுக்கோ சத்தம் ஜாஸ்தி. நீங்கள்தானே ஆரம்பித்தீர்கள், ‘என்ன தம்பி, சின்னச் சவப்பெட்டி மாதிரி ஒண்ணக் கட்டிப் பிடிச்சிட்டு வாற’ என்று. இது பேஸ் கிட்டார். நாலு கம்பி. கண்டக்டர் இதற்கும் டிக்கெட் கிழித்துவிட்டார். ‘அப்படின்னா இதுக்கும் உக்கார ஒரு சீட்டு குடுங்க’ என்றேன், அவர் காதில் விழவில்லை. நான் சொல்வது பாதிப் பேருக்குக் காதில் விழுவதில்லை. அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை, நான் நினைத்ததைத்தான் செய்வேன்.

என்னோடு வாசிக்கிற இரண்டு பேரும் நேற்றே வேனில் ஊருக்குப் போய்விட்டார்கள். டிரம்ஸ் இடத்தை அடைத்துக்கொண்டதாம், எனக்கு இடம் இல்லையாம். வரும்போது அதே வேனில், அதே டிரம்ஸுக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு வந்தவன் நான். தூத்துக்குடிக் காற்றில் டிரம்ஸ் ஊதிவிட்டது போல.

தாத்தாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும். அவர் ஒரு கதையையும் முடித்ததே இல்லை. ராஜகுமாரன் மரத்தில் ஏறுவான், கீழே புலி வந்து நிற்கும், தாத்தாவுக்குத் தூக்கம் வந்துவிடும். காலையில் ‘அப்புறம் என்னாச்சு’ என்று கேட்டால் ‘அவ்ளோதாம்ல கத’ என்பார். நானும் அவனை மரத்திலேயே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் எத்தனையோ ராஜகுமாரர்கள் இறங்கி வந்து கல்யாணம் கட்டி வாழ்ந்தார்கள், ஒருவன் பேரும் நினைவில்லை. இவன் இன்னும் மரத்தில் இருக்கிறான். சில நாள் மழை பெய்தால் அவன் நனைவானே என்று தோன்றும்.

சரி. எங்கள் குழுவின் பேர் ‘கொண்டல்’. மூன்று பேர். மீரான் கிட்டார், பொன்சிங் டிரம்ஸ், நான் பேஸும் பாட்டும். வாசிப்பது பிராக்ரஸிவ் ராக். முழிக்காதீர்கள், சொல்கிறேன். நீங்கள் கேட்கிற பாட்டெல்லாம் பல்லவி, சரணம், திரும்பப் பல்லவி. எங்கே சுற்றினாலும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுகிற நல்ல பிள்ளை மாதிரி. இது அப்படி இல்லை. கிளம்பினால் கிளம்பினதுதான். நடுவழியில் தாளம் மாறும், பாட்டை விட்டுவிட்டுக் கிட்டார் தன்போக்கில் ஒரு பக்கம் போகும். ஒரு பாட்டு இருபது நிமிஷம்கூட ஓடும். ‘இது எப்பம்ல முடியும், சோத்த வடிக்கணும்’ என்று எங்கள் அம்மா கேட்பாள்.

அப்படி ஒரு பாட்டுக்குக் கதை தேடிக்கொண்டிருந்தபோதுதான் பாளையங்கோட்டை நூலகத்தில் ‘சந்தியாகு’ கிடைத்தது. பழைய நாவல். அமலோற்பவம் கொரைரா என்று ஒருவர் எழுதியது. சந்தியாகு என்பது ஒரு பாய்மரத் தோணியின் பேர். தூத்துக்குடியிலிருந்து கூரை ஓடும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிறது. வழியில் ஒருத்தனுக்கு வாந்திபேதி. கொழும்பில் இறங்க விடவில்லை. திரும்பி வந்தால் சொந்த ஊரிலும் விடவில்லை. நோய் தீரும்வரை வெளிக்கடலில் நில் என்கிறார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. ராத்திரியானால் ஊர் விளக்கு தெரிகிறது, கோயில் மணி கேட்கிறது, போக முடியாது. தோணிக்குத் தலைவனைத் தண்டல் என்பார்கள். அந்தத் தண்டல் ஒரு நாள் விடியக்காலம் எழுந்து வருகிறான். கடைசி வரியைச் சொல்கிறேன், கேளுங்கள்: ‘தண்டல் சுக்கானைத் திருப்பி’.

அவ்வளவுதான். முற்றுப்புள்ளிகூட இல்லை. திருப்பி என்ன செய்தான், எந்தப் பக்கம் போனான், ஒன்றும் கிடையாது. அடுத்தது அட்டை.

நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நின்றேன், அண்ணாச்சி. எப்படிப்பட்ட முடிவு. எங்கள் தாத்தாவே எழுதியது மாதிரி. மீரானிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் அந்த வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டு, ‘எழுதுன ஆளு நம்மாளுல’ என்றான்.

பாட்டுத் தன்னால் வந்தது. தாளம் ஏழு. தகிட தகதிமி, தகிட தகதிமி. மூன்றும் நாலும். தோணியில் ஏறி நின்றால் கால் அப்படித்தான் தடுமாறும், ஒரு பக்கம் குறைவாகச் சாயும், மறு பக்கம் கூடச் சாயும். பொன்சிங் முதலில் ‘நாலுல வாசிச்சா சனம் கை தட்டும்ல’ என்றான். நோயாளிகள் இருக்கிற தோணியில் யார் கை தட்டுவார்கள் என்று கேட்டேன். கடைசி நாலு நிமிஷம் அந்த ஒரே வரி. தண்டல் சுக்கானைத் திருப்பி, தண்டல் சுக்கானைத் திருப்பி. திரும்பத் திரும்ப. முடிக்காமல் நிறுத்துவோம்.

பேரும் ‘சந்தியாகு’ என்றே வைத்தோம். நாவலின் பேர், அதனால் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றான் மீரான். தேடினால் தூத்துக்குடியிலேயே இருக்கிறார். ஓய்வுபெற்ற டீச்சர். அந்த ஒரு நாவலுக்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லையாம். மூன்று பேருமாகப் போனோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரில் பெரிய படம். மீசைக்காரர். பொன்சிங்தான் கேட்டான்.

“யாரு டீச்சர் இவங்க?”

“எங்க அப்பா. தண்டலா இருந்தாங்க.”

“எப்பம் தவறுனாங்க?”

“தேதி தெரியாது தம்பி. கல்லறைத் திருநாளுக்கு நாங்க மெழுகுதிரியக் கடற்கரையிலதான் கொண்டு வைப்போம்.”

டீச்சருக்கு வயசு எழுபதுக்கு மேல், தேதியெல்லாம் எங்கே நினைவிருக்கும். கல்லறைத் தோட்டத்தில் அன்றைக்கு நெரிசலும் அதிகம், கடற்கரை என்றால் காற்றாட நிற்கலாம். ஆனால் பொன்சிங் அதற்கப்புறம் டீச்சர் தின்ன வைத்த தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டான். தட்டு நிறைய மக்ரூன் இருந்தது. அவன் மக்ரூனை விடுகிற ஆள் இல்லை. தொடவில்லை. வயிறு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மீரான் போனில் பாட்டைப் போட்டான். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. மூடினபடியே,

“மிச்சம் எங்க?” என்றார்.

“அவ்வளவுதான் டீச்சர். உங்க நாவல்ல உள்ளபடியே நிறுத்திட்டோம்,” என்றேன் பெருமையாக.

“என் நாவல்ல உள்ளபடியா? தோணி கரைக்கே வரலியே.”

நூலகத்துப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். பின்பக்கம் திருப்பினார், முன்பக்கம் திருப்பினார், சிரித்துவிட்டார். “இதுக்குக் கடைசி அச்சுப் பாரமே இல்லியே தம்பி. பதினாறு பக்கம் போச்சு. உதுந்தது போக மிச்சத்த வச்சுப் புது அட்ட போட்டுத் தச்சிருக்கான்.”

மீரானும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எனக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை.

டீச்சர் உள்ளே போய்த் தன்னிடம் இருந்த புத்தகத்தைக் கொண்டுவந்து அந்தப் பதினாறு பக்கத்தையும் வாசித்தார். வகுப்பில் பாடம் வாசிக்கிற மாதிரி ஒரே குரலில். தண்டல் சுக்கானைத் திருப்பித் துறைமுகத்தை நோக்கி விடுகிறானாம். அதிகாரி மனம் இளகிவிடுகிறானாம். கோயில் மணி அடிக்கிறது, பேண்டு வாத்தியம் வாசிக்கிறார்கள், தண்டலுடைய சின்ன மகள் புதுக் கவுனோடு முழங்கால் தண்ணீருக்குள் ஓடுகிறாள், அப்பா அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறார். வீட்டில் நண்டுக் குழம்பு.

புத்தகத்தை மூடி, “பாத்தியா, எல்லாரும் வந்துட்டாங்க,” என்றார்.

“இது சரியில்ல டீச்சர்,” என்றேன்.

பொன்சிங் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான்.

“எது சரியில்ல?”

“இந்த முடிவு.”

“எழுதுனவ நான்.”

“எழுதுனது நீங்கதான். ஆனா தோணி வரல டீச்சர்.”

மறுபடி மிதித்தான், இந்தத் தடவை குதிகாலால். எதற்கு மிதித்தான் என்று இன்றுவரை சொல்லவில்லை.

டீச்சர் என்னையே பார்த்தார். “யார் சொன்னா ஒனக்கு?”

“யாரும் சொல்லல. தாளம் அப்படி இருக்கு. ஏழுல போற தோணி நாலுல கரைக்கு வராது. வந்தா அது வேற தோணி.”

அவர் எழுந்து என் முன்னால் இருந்த காப்பிக் கப்பை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார். பாதிதான் குடித்திருந்தேன், அண்ணாச்சி. விருந்தாளியின் காப்பியைப் பாதியில் எடுப்பார்களா? உள்ளே குழாய் திறந்தது திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கப்பைக் கழுவ அவ்வளவு நேரம். திரும்பி வந்து, உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்:

“தோணி பேர நீங்க வைக்கணும்னா கடைசிப் பக்கத்தையும் பாடணும். அந்தப் பிள்ள தண்ணிக்குள்ள ஓடுதுல்லா, அந்த இடம் வரணும். இல்லன்னா சந்தியாகுங்கிற பேர எடுத்துருங்க.”

“சரி டீச்சர்,” என்றேன்.

நான் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்வேன். மாட்டேன் என்று உரக்கச் சொல்ல எனக்கு வராது. வீட்டில் அப்படி வளர்க்கவில்லை. சரி என்று சொன்னதற்கு அர்த்தம் ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்பதுதான். இவர்களுக்கு அது புரிவதில்லை.

தெருவுக்கு வந்ததும் பொன்சிங் பிடித்துக்கொண்டான். “ஒன் மண்டையில என்னதாம்ல இருக்கு? செவத்துல அந்தப் படத்தப் பாத்தேல்லா?”

“பாத்தேன். நல்ல மீசை.”

அவன் மீரானைப் பார்த்தான், மீரான் அவனைப் பார்த்தான்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் மாறிப்போனார்கள். துறைமுகக் காட்சிக்கு மெட்டுப் போட்டார்கள். நாலு தாளம், கல்யாண பேண்டு மாதிரி குதிக்கிற மெட்டு. கேட்டால் சின்னப் பிள்ளைகூட ஆடும். கைதட்டலுக்கு ஆசைப்பட்டு விலைபோய்விட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மீரான் மட்டும் வேறு மாதிரி சமாளித்தான். “அந்த அம்மாவுக்காக நாலு நிமிஷம் வாசிச்சா ஒங் கை ஒடிஞ்சிருமால? பாட்டுலயாவது வந்து சேரட்டும்ல.” பாட்டில் வந்து சேரட்டுமாம். அதுதானே கூடாது என்கிறேன். தண்ணீர் இல்லாமல் நாக்கு வறண்டு கிடந்தவர்களைக் கூட்டிவந்து நண்டுக் குழம்பு ஊற்றினால், அவர்கள் கடலில் கிடந்ததற்கு என்ன மரியாதை?

“சரி,” என்றேன்.

நேற்றுச் சாயங்காலம் கடற்கரைச் சாலையில் ஒரு மண்டபம். இசை மன்றத்து ஆண்டு விழா. டீச்சரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மடியில் கைப்பை, கைப்பைக்கு மேல் அந்தப் புத்தகம். எந்தப் பக்கத்தில் எங்களைப் பிடிக்கலாம் என்று பார்க்கத்தான் கொண்டுவந்திருப்பார்.

நல்ல கூட்டம். நல்லாவும் வாசித்தோம், அதைச் சொல்லத்தான் வேண்டும். கொழும்பு வரைக்கும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கடைசிக்கு வந்தோம். தண்டல் சுக்கானைத் திருப்பி, தண்டல் சுக்கானைத் திருப்பி. மீரான் தலையசைத்தான். ‘இப்போது துறைமுகம்’ என்று அர்த்தம். அவன் நாலுக்குப் போனான், பொன்சிங்கும் நாலுக்குப் போனான்.

நான் போகவில்லை.

சண்டை போடவில்லை, அண்ணாச்சி. சத்தம் போடவில்லை. ஏழிலேயே இருந்தேன். அவர்கள் பேண்டு வாத்தியம் வாசிக்கிறார்கள், நான் அடியில் தகிட தகதிமி, தகிட தகதிமி. இரண்டு தாளமும் ஒன்றோடொன்று இடித்தன. கல்யாண ஊர்வலமும் சாவு ஊர்வலமும் ஒரே சந்தில் எதிர் எதிராக வந்த மாதிரி. மீரான் பக்கத்தில் வந்து, “ஏல, அந்தம்மா மொகத்தப் பாத்து வாசில,” என்றான். நான் விரலைப் பார்த்து வாசித்தேன். தாளத்தில் இருக்கும்போது முகத்தைப் பார்க்கக் கூடாது.

சனம் எழுந்திருக்க ஆரம்பித்தது. பின்வரிசை முதலில், அப்புறம் நடுவரிசை. பொன்சிங் கொஞ்ச நேரம் நாலுக்கும் ஏழுக்கும் நடுவில் கிடந்து அல்லாடினான். மீரான் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டான். அப்புறம் பொன்சிங்கும் குச்சியை வைத்துவிட்டு, டீச்சருக்கு நேராக நின்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். அவனுக்கு எதற்குக் கும்பிடு, தப்பு செய்தவன் மாதிரி.

மேடையில் நான் ஒருத்தன். பேஸ் ஒன்று. என் குரல் எப்படி என்று உங்களுக்கே தெரியும். மைக் செட்காரர் வந்து, “தம்பி, மண்டபத்த அடைக்கணும்,” என்றார். “சரி அண்ணே,” என்று பாடிக்கொண்டிருந்தேன். இசை மன்றத்தார் கிளம்பினார்கள். பொன்னாடை போர்த்தியவரும் கிளம்பினார். நாற்காலிகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. போகட்டும். புலி இருக்கிறது என்பதற்காக ராஜகுமாரனை நான் கீழே இறக்கிவிட முடியாது.

நிமிர்ந்து பார்த்தபோது முன்வரிசையில் டீச்சர் மட்டும் இருந்தார்.

என்மேல் கோபம் என்பது நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு தடவை வரி முடியும்போதும் வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தார். திட்டியிருப்பார். நடுவில் ஒரு தடவை ‘சர்ர்’ என்று காகிதம் கிழிகிற சத்தம். நிகழ்ச்சி நோட்டீசைக் கிழிக்கிறார் என்று நினைத்தேன். தாளத்தை விடவில்லை.

விரல் எரிந்தது. எரிந்த இடத்தில் நிறுத்தினேன். தாத்தாவும் அப்படித்தான், தூக்கம் வந்த இடத்தில்.

டீச்சர் எழுந்து மேடைக்குக் கிட்டே வந்தார்.

“இன்னும் இருக்கா?”

“இல்ல டீச்சர். அவ்வளவுதான் கதை.”

“உம்,” என்றார்.

அவ்வளவுதான், அண்ணாச்சி. மண்டபமே எழுந்து போனபிறகும் விடாமல் பாடியவனுக்கு ஒரு நல்ல வார்த்தை உண்டா? உம். பேரை எடு என்றும் சொல்லவில்லை, வை என்றும் சொல்லவில்லை. மறந்திருப்பார். புத்தகத்தை மேடை ஓரத்தில் வைத்து என் பக்கமாகத் தள்ளினார்.

“யாராவது நாவல் கேட்டா இதக் குடு.”

திறந்து பார்த்தேன். இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன். கடைசிப் பதினாறு பக்கமும் இல்லை. கிழித்த ஓரம் புதுசாக, வெள்ளை வெளேரென்று இருக்கிறது. வீம்பைப் பார்த்தீர்களா? தன்னுடைய முடிவை நான் தொட்டுவிடக் கூடாதாம். அதற்காகப் பத்திரமாகக் கிழித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை என் தலையில் கட்டிவிட்டார். கிழிந்த புத்தகத்தை யாருக்குக் கொடுக்க?

போகட்டும். மீரானும் பொன்சிங்கும் இனிமேல் வர மாட்டார்கள் போலிருக்கிறது. வராவிட்டால் நான் தனியாக வாசிப்பேன். நாலு கம்பி போதும். மண்டபம் தர மாட்டேன் என்றால் இந்தப் பஸ்ஸில் வாசிப்பேன். இன்னும் எத்தனை பேர் எழுந்து போனாலும் சந்தியாகு கரை சேராது, சேரவும் கூடாது. டீச்சரே வந்து தடுத்தாலும் சரி.

நேற்று அவர் போவதை மண்டபத்துப் படிக்கு வந்து பார்த்துக்கொண்டு நின்றேன். வாசலில் நின்ற ஆட்டோக்காரர் கூப்பிட்டார், ஏறவில்லை. கையில் அந்தப் பக்கங்களைச் சுருட்டி, மெழுகுதிரி மாதிரி நேராகப் பிடித்திருந்தார். வீடு இடது பக்கம். அவர் வலது பக்கம், கடல் இருக்கிற பக்கம் திரும்பினார். இருட்டவில்லை இன்னும், நன்றாகத் தெரிந்தது. மூன்று எட்டு வைப்பார், கொஞ்சம் நிதானிப்பார், அப்புறம் நாலு எட்டு. மறுபடி மூன்று, மறுபடி நாலு. அந்த வயசில் முட்டிவலி இருக்கத்தானே செய்யும். திரும்பிப் பார்க்காமல் அப்படியே நடந்து போனார்.